பேயின் முன்கதை

கோல சிலாங்கூருக்கு வருவோர் மெலாவத்திக் குன்றின்மேல் ஏறாமல் திரும்புவது அரிது. குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டி, 1907ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து நோக்கி, பழைய பீரங்கிகளைத் தொட்டுப் பார்த்து ஆரவாரம் செய்துவரும் பள்ளிப் பிள்ளைகள், ஒரு தட்டைக் கல்லின்முன் வந்ததும் ஓசை அடங்கி நின்றுவிடுவர். அரசனுக்கு இரண்டகம் செய்தோர் தலை அக்கல்லின்மேல் வீழ்ந்தது என்பது வழிவழி வரும் செய்தி. அக்குன்றிலேயே நஞ்சுக் கிணறு என்று ஒன்றும் உண்டு. பேய் என்ற சொல் அங்கே தேவைப்படுவதில்லை. வெட்டச் சொன்னவன் யார், வெட்டுண்டவன் யார் என்று அறிந்த அளவிலேயே பிள்ளைகளின் உடல் சிலிர்த்துவிடுகிறது.

பேய்ப்படம் எடுப்போர் அந்தக் கல்லின்முன் சிறிது நேரம் நின்று பார்த்தல் நலம். ஏனெனில், அண்மைக் காலத்தில் அவர்களுக்கு ஒரு புதுப் பழக்கம் பிடித்திருக்கிறது. ஒரு பேய்ப்படம் வெற்றி பெற்றுவிட்டால், அதற்கு முன் நிகழ்ந்தது என்ன என்று பின்னோக்கி நடந்து மற்றொரு படம் எடுக்கின்றனர். ஆங்கிலத்தில் 2013இல் வந்த 'தி கான்ஜுரிங்' படத்தில் தலைகாட்டிய பொம்மைக்கு 2014இல் 'அனபெல்' என்றொரு முன்கதை. அம்முன்கதைக்கும் ஒரு முன்கதையாக 2017இல் இன்னொரு படம். 1976இல் வந்த 'தி ஓமன்' படத்திற்கு 48 ஆண்டுகள் கழித்து, 2024இல், முன்கதை சொல்ல வந்தார்கள். தமிழிலும் இக்காற்று வீசிற்று. 2023 செப்டம்பரில் 'சந்திரமுகி 2' வந்தது. 2024 ஆகஸ்டில் 'டிமான்ட்டி காலனி 2' வந்தது. இரண்டும் தொடர்ச்சி என்ற பெயரில் வந்தவையே. ஆயினும் இரண்டின் உயிரும் முன்கதையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது படமோ, தான் முற்கதையும் பிற்கதையுமாம் என்று விளம்பரத்திலேயே பறைசாற்றிக்கொண்டது.

முன்கதை சொல்வது குற்றமா? அன்று. தமிழ் இலக்கியம் அறிந்த ஒருவரும் அவ்வாறு கூறார். தொல்காப்பியர் அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது ஈண்டு தண்டிக்கும் ஆற்றல் உடைய தலைவன், அரசன். பேயும் அரசனும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டமை எண்ணத்தக்கது. இன்றைய பேய்ப்படம் இந்நான்கில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு பிழைக்கிறது. ஆனால் தமிழர் சொல்லிவந்த பேய்க்கதைகளில் அணங்கின் பின்னே இறை மறைந்து நிற்கும். அல்லது கணவன், உடன்பிறந்தான், ஊரார் என அதிகாரம் உடைய ஒருவர் நிற்பர். பழையனூர் நீலி பிறக்கும்போதே பேய் அல்லள். கொண்ட கணவனால் கொலையுண்ட பெண். அவளைப் பேயாக்கிய கொலையைச் சொல்லாமல் நீலி கதையைச் சொன்னவர் யாரும் இலர்.

முன்கதையை எங்கு வைக்க வேண்டும் என்பதற்கு இளங்கோவடிகளே சான்று. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாய்ச் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி சாபம் இட்டு மலையேறி உயிர் விட்டாள். இதை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. எப்பொழுது உரைக்கிறது? பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து, தானே தீர்ப்பளித்து, அரியணையிலிருந்து வீழ்ந்து இறந்த பின்னர். முன்னரே உரைத்திருந்தால், எல்லாம் ஊழ் என்று அரசன் தப்பியிருப்பான். குற்றத்தைக் குற்றவாளியின் தோளிலிருந்து இறக்கிவைக்கும் பொருட்டு முன்கதையை ஆளக்கூடாது என்ற நெறி அங்கே காக்கப்பட்டிருக்கிறது. இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் இன்றைய படங்களின் மாற்று தெரிந்துவிடும்.

முதலில் 2005இல் பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி'. 1993இல் பாசில் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் படமே இதற்கு மூலம். வேட்டையபுரம் அரண்மனையில் பூட்டிய அறை ஒன்று. அதனுள் ஆடல்மகள் ஒருத்தியின் ஆவி என்று ஊர் நடுங்குகிறது. கதை முடியும்போது, ஆவி எதுவும் இல்லை, கங்கா என்ற இளம் மனைவியின் உள்ளம் நோயுற்று இன்னொருத்தியின் வாழ்வைத் தன் வாழ்வாகப் பற்றிக்கொண்டது என்று மனநல மருத்துவர் சரவணன் கண்டறிகிறார். அப்படத்திலும் குறைகள் உண்டு. மருத்துவருக்குத் துணையாக மந்திரவாதியும் வேண்டியிருக்கிறார்; பாம்பு ஒன்று காரணமின்றி வந்து போகிறது; பொம்மையை எரித்து நோயைத் தீர்க்கும் முடிவை எந்த மருத்துவமனையும் ஏற்காது. எனினும் பல இலக்கம் தமிழர் கண்ட ஒரு படத்தில், பேய் பிடித்ததாக ஊர் சொன்ன பெண்ணை அடிக்காமல், மயிரைப் பற்றி இழுக்காமல், நோயாளி என்று பரிவோடு நடத்தினார்கள். கணவன் அவளைக் கைவிடவில்லை. அது சிறிய செயல் அன்று.

அப்படத்தினுள்ளேயே ஒரு முன்கதையும் இருந்தது. வேட்டையன் என்னும் அரசன், ஆடல்மகள் சந்திரமுகியைக் கவர்ந்து வந்தான். அவள் காதலன் குணசேகரனின் தலையை வெட்டினான். அவளை உயிரோடு எரித்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும் அம்முன்கதை, தொல்காப்பியர் வகுத்த இறையச்சத்தை அப்படியே திரையில் நிறுத்தியது. மக்கள் நடுங்கியது பேயைக் கண்டா, அரசனைக் கண்டா என்று கேட்டால், அரசனைக் கண்டே என்பதுதான் உண்மை. அவன் சிரித்த சிரிப்பைத் தோட்டத்துப் பிள்ளைகள் பல ஆண்டுகள் விளையாட்டில் சிரித்துத் திரிந்தனர்.

அதே இயக்குநர் 18 ஆண்டுகள் கழித்து 'சந்திரமுகி 2' எடுத்தார். அதன் நிறைகளை மறைப்பது நேர்மை ஆகாது. பழைய படத்தைப் படி எடுத்ததோடு நின்றுவிடாமல், சில நிமிடங்களில் சொன்ன கதையை விரித்து, அரண்மனையின் பழைய நாள்களுக்குள் சுவைஞரை அழைத்துச் செல்ல முயன்றது பாராட்டத்தக்க துணிவு. முன்னைய படத்தில் பிறர் வாய்மொழியாலும் கங்காவின் நோயாலும் மட்டுமே அறியப்பட்ட சந்திரமுகிக்கு, தனக்கென ஓர் உடலும் முகமும் கிடைத்தன. கங்கனா ரனாவத் அவ்வேடத்தில் தோன்றினார். வேட்டையன் யார் என்று மறுபடியும் கேட்டதும் நல்ல கேள்வியே.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் படத்தைச் சாய்த்தது. வேட்டையன் என்று அறியப்பட்டவன் உண்மையான வேட்டைய மன்னன் அல்லன் என்கிறது முன்கதை. அவன் செங்கோட்டையன் என்னும் படைவீரன். மன்னனைக் கொன்று, மன்னன் பெயரையே சூடிக்கொண்டவன். திருப்பம் என்ற அளவில் இது சுவையாகத் தோன்றலாம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்போர்க்கோ கசக்கும். முதற்படத்தில் பெண்ணைக் கவர்ந்ததும் எரித்ததும் அரசன் செய்த குற்றம். அதாவது அரியணையின் குற்றம். இரண்டாம் படத்தில் அதே குற்றம், அரியணைக்கு உரிமை இல்லாத ஒருவன் அதில் ஏறிக்கொண்டதால் விளைந்ததாகிவிட்டது. பழி அரசனை விட்டு அரசன் வேடம் பூண்டவனிடம் போய்ச் சேர்ந்தது. மதுராபதித் தெய்வம் செய்ய மறுத்ததை இப்படம் செய்து முடித்தது.

அடுத்த குறை இதனினும் பெரிது. முதற்படத்தில் நோய் என்று கண்டறியப்பட்டது, இரண்டாம் படத்தில் மெய்யான ஆவியாகிவிட்டது. சந்திரமுகியும் உண்டு, வேட்டையனும் உண்டு, இருவரும் உயிரோடிருப்போர் உடலில் புகுவர். அப்படியானால் கங்காவின் நோய் என்ன ஆயிற்று? அந்த மருத்துவர் கண்டது என்ன? முன்கதை முதற்கதையை வளப்படுத்த வேண்டும். இங்கோ முதற்கதையின் தலையையே வெட்டிவிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவரை நம்பச் சொன்ன அதே அரண்மனை, இப்பொழுது பேயோட்டியிடம் போகச் சொல்கிறது.

அஜய் ஞானமுத்து இயக்கிய 'டிமான்ட்டி காலனி 2' கட்டமைப்பில் இதனினும் திறமான படம். 2015இல் வந்த முதற்படம் தன் மாந்தரை எல்லாம் சாகடித்து, கதவை அடைத்து முடிந்தது. அடைத்த கதவைத் திறக்க, முன்னும் பின்னும் ஓடும் கதையைப் பின்னியிருக்கிறார் இயக்குநர். ஒரு பெண், தற்கொலை செய்துகொண்ட கணவனின் ஆவியைத் தேடிச் செல்வதில் கதை தொடங்குகிறது. துயரத்தில் முளைத்த அச்சம் ஆதலின் அதற்கு வேர் இருக்கிறது. இது அப்படத்தின் முதன்மையான நிறை. ஆனால் போகப் போக, நூல், நூலகம், சுழற்சி என விதிகள் பெருகுகின்றன. பேய் எப்படி இயங்குகிறது என்று விளக்குவதிலேயே படம் களைத்துப்போகிறது. கணக்கு வகுப்பில் அமர்ந்தவனுக்கு நடுக்கம் வருமா?

அப்படத்தின் பெயருக்கு உரியவர் வரலாற்றில் வாழ்ந்தவர். ஜான் டி மான்ட்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் செல்வம் குவித்த போர்த்துகீசிய வணிகர். 1821இல் மறைந்த அவர் தம் சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். உள்ளதைக் கொடுத்துவிட்டுப் போன ஒருவரை, ஒரு சங்கிலியைக் காக்கும் கொலைவெறி ஆவியாகத் திரைப்படம் மாற்றிவிட்டது. குடும்பத் துயரமும் பெருஞ்செல்வமும் ஒரே வீட்டில் இருந்த அந்த மனிதரின் வாழ்வில் இல்லாத முன்கதையா? அதைத் தேடாமல், இல்லாத விதிகளைப் புனைந்தது வீண் உழைப்பு.

'பேய்க்கு விளக்கமே கூடாது. அறியாமைதான் அச்சத்தின் தாய். எனவே முன்கதை என்பதே பிழை' என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் பாதி உண்மை. விளக்கம் இரு வகை. பேய் எவ்வாறு வருகிறது, எந்த நாளில் வருகிறது, எதனால் போகிறது என்பது ஒரு வகை. அது அச்சத்தைக் கொல்லும். அவளைப் பேயாக்கியவன் யார் என்பது மற்றொரு வகை. அது அச்சத்தை வளர்க்கும். கூடவே இரக்கத்தையும் சினத்தையும் வளர்க்கும். 1957இல் சிங்கப்பூரில் உருவான 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை இயக்கிய பி. என். ராவ், அதற்கு முன் தமிழகத்தில் தமிழ்ப் படங்களை இயக்கியவர். அவர் படத்தின் நாயகி தீயவளாய்ப் பிறந்தவள் அல்லள். கணவன் உடலில் ஏறிய நஞ்சை உறிஞ்சி அவன் உயிரைக் காக்க முயன்று, குருதியின் சுவை அறிந்து பேயானவள். படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. அவள் பேயான காரணம் மட்டும் மக்கள் நினைவில் தங்கியிருக்கிறது.

'படம் பொழுதுபோக்குத்தானே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி ஏன்?' என்று கேட்போரும் உளர். அவர்கள் தோட்டங்களில் வாழ்ந்தறியாதவர்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை, சுங்கை திங்கி என்று பரந்த இவ்வட்டாரத் தோட்டங்களில், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களைப் பாய் விரித்துப் பார்த்து வளர்ந்தது ஒரு தலைமுறை. எது அன்பு, எது மானம், எது பேய் என்பதையெல்லாம் அத்துணியில் பார்த்தே பலர் கற்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் அதே பாடத்தைக் கற்கின்றனர்.

பாடம் தவறினால் யார் துன்புறுவர்? பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உறங்காமல் இருக்கிறாள், தனக்குள் பேசுகிறாள், ஒரு நாள் அலறி விழுகிறாள். வீட்டார் முதலில் தேடுவது மருத்துவரையா, கோடாங்கியையா? தஞ்சோங் காராங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மனநலம் என்றவுடன், பேராக்கில் 1911இல் தொடங்கிய மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரை வசைச்சொல்லாக வழங்கிப் பழகிவிட்டது சமுதாயம். பைத்தியம் என்ற பழியைவிடப் பேய் என்ற பெயர் குடும்ப மானத்திற்கு எளிதாக இருக்கிறது. எனவே சாட்டையும் வேப்பிலையும் எலுமிச்சையும் முந்திக்கொள்கின்றன. அப்பெண்ணை ஏதோ ஒன்று வாட்டியிருக்கும். அது வீட்டிலும் இருக்கலாம், வேலையிடத்திலும் இருக்கலாம். அந்த முன்கதையைக் கேட்க எவரும் இலர். சந்திரமுகியின் முதற்படம் அவள் பக்கம் நின்றது. இரண்டாம் படம் கோடாங்கியின் பக்கம் போய்விட்டது.

பேயின் பின்னே இறை நிற்கும் என்பது வெறும் இலக்கியச் சுவை அன்று. சிலாங்கூரின் கோல லங்காட் வட்டாரத்தில் மலாய்ப் பெண் தொழிலாளரிடையே ஆய்வு செய்த ஐவா ஓங், 1987இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டியிருக்கிறார். தொழிற்சாலையில் இயந்திரத்தின்முன் இருந்த இளம் பெண்கள் ஆவி கண்டு அலறினர். நிருவாகத்தினர் போமோவை அழைத்து ஆடு பலியிட்டுக் கழிப்புச் செய்தனர். ஓயாத வேலை, கண்காணிப்பு, கெடுபிடி ஆகியவற்றுக்கு எதிராக வாய் திறக்க இயலாதவர்களின் எதிர்ப்பே அவ்வலறல் என்று அவர் விளக்கினார். ஆவி ஓட்டப்பட்டது, கெடுபிடி இருந்த இடத்திலேயே இருந்தது.

தோட்டத் தமிழருக்கும் முன்கதை உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் பெற்றிருக்கிறது. அதன் அருகில் தென்னமாரம் தோட்டத்தில், 1917இல், என்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவினார். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசையும் 1930இல் பெற்றார். செம்பனை வளர்ந்தது, நாவல் பரிசு பெற்றது. காட்டை வெட்டிய கைகளின் கதை எத்துணைப் பக்கங்களில் எழுதப்பட்டது? காட்டை வெட்டினால் காவல் தெய்வம் சினந்து உயிர் வாங்கும் என்று அக்கைகளுக்கு உரியோர் அஞ்சினர். அவ்வச்சம் முழு மடமை அன்று. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் ஆராய்ந்து கண்டது இது: கரையோரச் சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தால் மலேரியாக் கொசு குறையும், மலையடிவாரத்திலோ காட்டை வெட்டி ஓடையின்மேல் வெயில் படவிட்டால் வேறொரு கொசு பெருகும். மரம் விழுந்த பின் மனிதர் விழுந்ததை மக்கள் சரியாகவே கண்டனர். ஆனால் காய்ச்சல் மிகுந்த நிலத்தில் அவர்களைக் குடிவைத்தவரைக் கேளாமல், முனியைக் கேட்டனர்.

அதன் பின் 1942இல் தொடங்கிய சயாம் இரயில்பாதை. மலாயாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். திரும்பாதோர் பல்லாயிரவர். அதன் பின் 1948 டிசம்பர் 12இல், வட சிலாங்கூரின் பத்தாங் காலியில், ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த ஆயுதமற்ற சீனக் குடிமக்கள் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். விசாரணை வேண்டும் என்று கேட்ட உறவினர் வழக்கை 2015இல் இலண்டன் உச்ச நீதிமன்றம் தள்ளியது. இவற்றில் எதற்கும் பேய் காரணம் அன்று. ஒவ்வொன்றிலும் ஆணையிட்ட இறை ஒன்று இருக்கிறது.

செங்கோட்டையன் கதையை இங்கே மறுபடியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்துக் கொடுமை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் முதலில் அகப்படுபவன் கங்காணி. அவன் ஏய்த்தான், அடித்தான், கடனில் கட்டிப்போட்டான் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அவனை அனுப்பிய துரையும், துரைக்குக் கட்டளையிட்ட இலண்டன் முதலாளியும் கதையில் வருவதே இல்லை. அரியணை தப்பித்துக்கொள்கிறது, அதன் நிழலில் நின்றவன் மட்டும் பேயாகிறான். இந்தப் பழக்கத்தைத்தான் 'சந்திரமுகி 2' அறிந்தோ அறியாமலோ அழகு செய்து காட்டியது. அதனால்தான் அப்படத்தின் குறை திரைக்கதைக் குறையோடு நின்றுவிடவில்லை.

பழைய ரப்பர்க் காடுகளில் பல செம்பனையாகிவிட்டன; செம்பனைக் காடுகளில் சில வீட்டு மனைகளாகிவிட்டன. லயங்கள் இடிந்த இடங்களில், சூலம் ஒன்றும் அரசமரம் ஒன்றும் தனியே நிற்பதை இன்றும் காணலாம். அந்த மரத்தில் முனி இருக்கிறது என்று இளைஞர் படமெடுக்க வருவர், வரட்டும். இரவில் ஒளிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகுமுன், பகலில் அருகிலுள்ள குடியிருப்பில் வாழும் முதியவளிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்க வேண்டும்: அம்மரத்தடியில் முதலில் விளக்கேற்றியவர் யார், எந்தச் சாவிற்குப் பின் ஏற்றினார், அந்நாளில் தோட்டத்துரை யார்? அதைக் கேட்டு எழுதும் முன்கதைக்குக் கோரைப்பல்லும் விரிந்த கூந்தலும் தேவைப்படா. தமிழாசிரியர்கள் பிள்ளைகளை அம்முதியவளிடம் அனுப்புக. கேட்டு வந்ததை அவர்கள் தம் கையால் எழுதட்டும். படமெடுப்போர் அதன் பின் வரட்டும்.